செவலையின் முதுகு

காலையில் கோழிகளைத் திறந்துவிடும் நேரத்தில் காத்தூன் பீவி வீட்டு மனிதர்களோடு பேச மாட்டாள். பேச்செல்லாம் கோழிகளோடுதான். மலாய் நாட்டு ஊரான மேருவில் கோழிக்கூண்டை யாரும் கூண்டு என்பதில்லை, மலாய்க்காரர்கள் சொல்வதுபோல் ரெபான் என்றுதான் சொல்வார்கள். அந்த ரெபான் கதவில் சுற்றிய கம்பியை அவிழ்த்து, "வாங்கடி வாங்க, விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, மகாராணிகளுக்கு இப்பத்தான் முழிப்பு வருதாக்கும்" என்று அதட்டி, கடையில் மிஞ்சிய சோற்றில் தவிடு பிசைந்து போட்டு, எல்லாம் தின்கின்றனவா என்று நின்று பார்த்த பிறகுதான் அவளுக்குத் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கும்.

அன்றைக்குச் செவலை கடைசியாக வந்தது. வந்ததும் தீனிப் பக்கம் போகாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றது.

"என்னடி, ஒனக்கு தனியா எல போடணுமா?" என்று கேட்டபடி கிட்டே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். செவலையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. தோல் செக்கச்செவேலென்று தெரிந்தது. வழுக்கையைச் சுற்றி நின்ற இறகுகளும் பாதியில் முறிந்து தேய்ந்த விளக்குமாறு போல் இருந்தன. பிடரியிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை. கருப்பியைப் பிடித்துப் பார்த்தாள். அதற்கும் முதுகில் அப்படித்தான் ஆரம்பித்திருந்தது.

இருப்பதே நாலு பெட்டைகள். ஆறு மாதத்துக்கு முன்னால் பின்வாசல் நிறையப் பெட்டைகள் மேய்ந்தன. அவள் கணவர் அப்துல் கனிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு அழைத்து வந்தபோது, உடம்பு தேற நாட்டுக்கோழி சூப்பைப் போல் வேறொன்று கிடையாது என்று யாரோ சொன்னார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் அவளே கண்டுபிடித்திருப்பாள். வாரத்துக்கு ஒன்றாக அறுத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சூப்பு வைத்தாள். "டாக்டரு பொழைக்க வெச்சாரு, நீ சூப்பு வெச்சே என்னைய கொன்னுருவ" என்று கனி கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினாள். அதற்குள் ரெபானில் நாலுதான் மிஞ்சியிருந்தன.

சேவல்கள் மட்டும் மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் கத்தி வைக்க முடியாது. டாக்டர் படத்தைக் காட்டி, இங்கே ஒன்று, இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று மூன்று அடைப்புகளை விரல் வைத்துச் சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே நாகூர் எஜமானுக்கு நேர்ந்துகொண்டாள். அடைப்புக்கு ஒரு சேவல். மச்சான் நல்லபடியாக எழுந்து நடந்தால் கந்தூரிக்கு மூன்று சேவலை அறுத்து நெய்ச்சோறு ஆக்கித் தாமான் குடியிருப்பு முழுக்கப் போடுவதாக நேர்ச்சை. வீட்டுக்கு வந்ததும் மூன்று இளஞ்சேவல்களின் காலில் பச்சை நாடா கட்டினாள். அவை கொழுத்து, கொண்டை சிவந்து, ஊரைக் கூட்டிக் கூவிக்கொண்டு திரிந்தன. கந்தூரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கனி முன்னால் வைத்தாள். அவர் முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, தோளில் துண்டோடு, சாலையில் போகும் லோரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேருவில் வீட்டுக்கு வீடு தூரம் குறைவு, வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் தூரம் இன்னும் குறைவு. காற்று திரும்பினால் ரப்பர் வாடை அடிக்கும்.

"மச்சான், செவலைய பாத்தீங்களா? முதுகுல தோலு தெரியுது."

"எனக்குந்தான் நெஞ்சுல தையலு தெரியுது. அத யாரு பாக்குறா?"

"வெளையாடாதீங்க. பாவம், அதுக்கு திங்கக்கூட மனசில்ல."

மகன் முஸ்அப் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கனி படுத்ததிலிருந்து மேரு சந்திப்பிலிருக்கும் சாப்பாட்டுக் கடையை அவன்தான் பார்க்கிறான். போனில் தேடியபடியே சொன்னான்: "இறகு போறதுக்கு நெறைய காரணம் இருக்கும்மா. பேனு வந்தா போகும். வருசத்துக்கு ஒருதடவ தானாவும் உதிரும். சத்து பத்தலன்னா ஒண்ணுக்கொண்ணு கொத்திக்கும். நீங்க கடை மிச்சத்தையே போடுறீங்க. சோறு, பப்படம், குழம்புன்னு போட்டா அதுல என்ன சத்து இருக்கும்?"

"அத்தா கடைச் சோத்த தின்னுதான் நீ இம்புட்டு ஒசரம் வளந்த. ஒனக்கு எறகு கொட்டுனுச்சா?"

"ஐயோ, படிக்கிறத கேளுங்க லா. இன்னொண்ணும் போட்டிருக்கு. சேவல் ஜாஸ்தியா இருந்தா..."

"சேவல பத்தி வாயத் தொறக்காத."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா, இதுல..."

"தெரியும்டா. நேர்ச்ச கூடாது, அது மார்க்கத்துல இல்ல, அந்தச் சேவல கறிக்கடைக்குக் குடுங்கன்னு அன்னைக்கே குதிச்ச ஆளுதான நீ. எஜமான் பேர்ல விட்ட சேவல். அது ஒங்கத்தா உசுரு. கூகுள்காரன் சொன்னான்னு அத தூக்குவேனா?"

முஸ்அப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டாரை எடுத்தான். இந்தப் பேச்சில் அம்மாவிடம் பலதடவை சூடுபட்டவன். கனியும் துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டார்.

அவள் வைத்தியத்தில் இறங்கினாள். செவலையைப் பழைய சாரத்தில் சுற்றி மடியில் கிடத்தி, றெக்கைக்கு அடியிலும் வால் மூட்டிலும் ஒவ்வொரு இறகாகப் பிரித்துப் பார்த்தாள். பேன் இல்லை, ஈறு இல்லை. இருந்தாலும் அடுப்புக்கரிச் சாம்பலைத் தட்டில் கொட்டி அதில் புரளவிட்டாள். பிரிக்பீல்ட்ஸுக்குப் போனபோது வாங்கி வைத்திருந்த வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து முதுகில் தடவினாள். தீனியில் நெத்திலி தூள் கலந்தாள். ரெபானைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். பிள்ளைக்குப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள், அதில் குறை சொல்ல முடியாது. செவலையின் முதுகு மட்டும் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. தோலில் கீறல் கீறலாகச் சிவந்த கோடுகளும் வந்தன.

பக்கத்து வீடு ராஜம்மாவுடையது. இரண்டு வீட்டுப் பின்வாசலுக்கும் நடுவே கம்பி வேலி, அதன் அடியில் கோழி நுழையும் அளவுக்குச் சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் காத்தூன் பீவியின் கோழிகள் வருஷக்கணக்காக ராஜம்மா வீட்டுப் பின்வாசலில் மேய்ந்தன, ராஜம்மாவின் முருங்கைக்கீரை இந்தப் பக்கம் வந்தது, நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போனது. போன வருஷம் ராஜம்மா தன் மகன் யுகேந்திரனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுத்தாள். பெண் பெயர் கார்த்திகா, கரூர்ப் பக்கம். படித்த பெண். கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்லும். ராஜம்மாவுக்கு அதுதான் ஆகவில்லை. வந்த பெண் பின்வாசலில் பெயிண்டு டின்களில் மண் நிரப்பிக் கீரை போட்டிருந்தது. கோழிகள் அதைக் கிளறுவதாக வேலிக்கு மேலால் இரண்டு தடவை சொல்லியும் இருந்தது.

மழை வருவதற்கு முன்னால் புழுங்குமே, அப்படி ஒரு மத்தியானம். காத்தூன் பீவி துணி எடுக்கப் பின்வாசலுக்கு வந்தபோது செவலை அலறிக்கொண்டு வேலிச் சந்து வழியாக ஓடிவந்தது. முதுகெல்லாம் ஈரம், சொட்டச் சொட்ட. அந்தப் பக்கம் பார்த்தால் கார்த்திகா கையில் செம்போடு நிற்கிறாள். காலடியில் லொங்காங் சாக்கடை ஓரத்தில் அப்போதுதான் சோறு வடித்த பானை ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. சாக்கடையில் வெள்ளையாகக் கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்த ஊத்துன?"

"தண்ணி தெளிச்சேன் ஆன்டி. கீரைய பூராங் கிளறிருச்சு. எத்தன தடவ சொல்றது?"

"என்ன தண்ணி?"

"பைப்புத் தண்ணிதான். வேற என்ன தண்ணி?"

காத்தூன் பீவி ஆவி பறந்த பானையைப் பார்த்தாள், செவலையின் சிவந்த முதுகைப் பார்த்தாள். கணக்கு முடிந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. துணியைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டாள். உள்ளே போனதும் பேச்சு வந்தது. போனை எடுத்தாள். தாமானில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. தண்ணீர் வராதது, குப்பை லோரி வராதது, யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் மௌத் எல்லாம் அதில்தான் வரும். அவளுக்கு எழுத வராது, பேசி அனுப்புவாள்.

"எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். நான் காத்தூன் பீவி பேசுறேன். வாயில்லா ஜீவன் மேல சுடுதண்ணி ஊத்துற மனுசங்க நம்ம தாமான்ல இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சோறு வடிச்ச கஞ்சிய கொதிக்கக் கொதிக்க என் கோழி முதுகுல ஊத்திருக்கு, ராஜம்மா வீட்டுக்கு ஊர்ல இருந்து வந்த பொண்ணு. தோலு உரிஞ்சு கெடக்கு. ஒரு நாளு இல்ல, பல நாளா ஊத்திருக்கு. நான்தான் பேனு பேனுன்னு தேடிக்கிட்டு இருந்திருக்கேன். கேட்டா எதுத்துப் பேசுது. கோழிதானன்னு விட முடியல. இன்னைக்கு கோழிக்கு ஊத்துற கை நாளைக்கு யாருக்கு ஊத்துமோ."

செவலையின் முதுகைப் படமெடுத்து அதையும் அனுப்பினாள். படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஐயோ பாவம் என்று ஆளாளுக்குப் போட்டார்கள். சூராவில் பாங்கு சொல்லும் அமானுல்லா பாய்கூட, பிராணிகளுக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று பேசி அனுப்பினார்.

மழை விட்டதும் ராஜம்மா வந்தாள். பின்னால் கார்த்திகா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வாயை இறுக்கிக்கொண்டு வந்த ராஜம்மாவைப் பார்த்ததும் கனி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஒக்காருங்கண்ணே. நீங்க எந்திரிக்காதீங்க. அக்கா, எங்க அந்தக் கோழி?"

காத்தூன் பீவி செவலையைத் தூக்கி வந்து காட்டினாள். ராஜம்மா முதுகைப் பார்த்தாள். பிடரி இறகை விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கேளு மன்னிப்பு."

"அத்தை, நான் பச்சத்தண்ணிதான்..."

"கேளுன்னேன்."

"நான் ஊத்தியிருந்தா மன்னிச்சிருங்க ஆன்டி."

"அது என்ன இருந்தா? எதுல வந்து வக்கீலுக்குப் படிக்கிற? முப்பது வருசமா இந்த வீட்டுச் சோத்துல கை நனைச்சிருக்கோம். ஒழுங்காச் சொல்லு."

கார்த்திகா தரையைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கனி தொண்டையைக் கனைத்து, "விடு ராஜம்மா, சின்னப் புள்ள" என்றார்.

"நீங்க சும்மாருங்கண்ணே. இவ சொல்லட்டும்."

"ஊத்துனது தப்புதான் ஆன்டி. இனிமே செய்ய மாட்டேன்."

காத்தூன் பீவிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். பெரிய மனுஷித்தனமாகத் தலையாட்டினாள். "சரிம்மா. அறியாம செஞ்சது. நானும் மனசுல வெச்சுக்க மாட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ராஜம்மா குடித்தாள். கார்த்திகா முன்னால் வைத்த கோப்பை ஆறிப்போய் ஆடை கட்டியது. அவர்கள் போனதும் குரூப்பில், "அந்தப் பொண்ணு வந்து மன்னிப்பு கேட்டுருச்சு, நானும் மன்னிச்சிட்டேன், இத்தோட விடுங்க" என்று பேசி அனுப்பினாள். பூவும் கும்பிடுமாக வந்து குவிந்தன.

முஸ்அப் வேலிச் சந்தை சிங்கு தகரம் வைத்து அடைத்தான். இனி எந்தக் கோழியும் அந்தப் பக்கம் போக முடியாது.

அடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. செவலையின் முதுகு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வழுக்கை வால் வரைக்கும் போய்விட்டது, தோலில் புதுசாக ரத்தக் கோடு. கருப்பிக்கு முழுசாகப் போய்விட்டது. மற்ற இரண்டுக்கும் தொடங்கியிருந்தது. தகரத்துக்கு மேலால் எட்டி ஊற்றுகிறாளோ என்று முதலில் நினைத்தாள். அதைத் தானே நம்பவில்லை. அடுத்த நாள் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. செவலை சாம்பல் தட்டுப் பக்கம் வந்தது. பெரிய சேவல் ஒருபக்கமாக றெக்கையை இறக்கி ஓடிவந்து, பிடரியை அலகால் கவ்விக்கொண்டு முதுகில் ஏறி மிதித்தது. இரண்டு கால் நகமும் பிடி கிடைக்காமல் முதுகில் வழுக்கி வழுக்கிப் பிறாண்டின. அது இறங்கியதும் செவலை இறகை உதறி எழுவதற்குள் இரண்டாவது ஏறியது. அதைக் கொத்தித் தள்ளிவிட்டு மூன்றாவது. மூன்றின் காலிலும் பச்சை நாடா. செவலை தப்பித்து ஓடிய இடத்தில் தகரம். முன்னாலெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் அது ராஜம்மா வீட்டுக்குத் தப்பிப் போயிருக்கிறது.

காத்தூன் பீவிக்குக் காது இரண்டும் சுட்டது. கோழி வளர்த்தே வயசானவள்தான். ஆனால் அவள் ரெபானில் எப்போதும் ஒரு சேவலுக்கு மேல் நின்றதில்லை. இளஞ்சேவல்கள் கூவத் தொடங்கும்போதே சட்டிக்குப் போய்விடும். பெட்டைகள் ஒரு கூட்டமாக இருக்கும். இந்தத் தடவை பெட்டைகளையெல்லாம் சூப்பு வைத்துவிட்டு, சேவல்களை நாடா கட்டி உட்கார வைத்து நெத்திலி போட்டு வளர்த்தவள் அவளேதான். முஸ்அப் சொல்ல வந்ததும் இதைத்தான். வாயைத் திறக்கவிடவில்லை அவள்.

எழுந்துபோய்த் தகரத்தைப் பிடுங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சேவல்களைத் துரத்திப் பிடித்துக் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் காலைக் கட்டிப் போட்டாள். "எதுக்கு கட்டிப் போட்ட?" என்று கனி கேட்டதற்கு, "கத்துது" என்றாள். வாயில் வந்த அந்தப் பொய்யைக் கேட்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எப்படிச் சொல்வது? சுடுதண்ணீர் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாயால், இல்லை, என் சேவல் மிதித்தது என்று சொல்வதா? மகன் முன்னால், அமானுல்லா பாய் காதில் விழும்படி, சேவல் பெட்டையை என்ன செய்தது என்று ஒரு பொம்பளை விளக்குவதா? அதுவும் எஜமான் பேரில் விட்ட சேவல். நாளாக நாளாகத் தானாக மறந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறக்க யாரும் தயாராக இல்லை. பாசாரில் மீன் வாங்கும்போது பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஒங்க பக்கத்து வீட்டு சுடுதண்ணி கார்த்திகா இப்ப எப்படி, அடங்கிருச்சா?" என்று சிரித்தாள். பெயரே வைத்துவிட்டார்கள். காத்தூன் பீவி மீனை வாங்காமலே வந்துவிட்டாள்.

அன்றைக்கு மாலை கனி சொன்னார்: "யுகேன் வந்தான். லோரி கழுவிக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தான். அந்தப் புள்ளைக்கு இங்க தங்குற பாஸு முடியப்போவுதாம். புருசன் கூடப் போயி நின்னாத்தான் புதுப்பிச்சுக் குடுப்பாங்களாம். இவன் போகலையாம்."

"ஏன் போகல?"

"அம்மா வேணாங்குறாங்களாம். ஊர்ப் பேரக் கெடுத்திருச்சு, கொஞ்ச நாளு ஊர்ல போயி இருந்துட்டு வரட்டும்னு. போனா திரும்பி எங்க வர? ஒரு கோழிக்குப் போயி..."

காத்தூன் பீவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கனி பயந்துபோய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். "மிதிக்குதுங்க மச்சான். மூணும் ஒண்ணு மாத்தி ஒண்ணு" என்று அவள் சொன்னபோது கனிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. தையல் போட்ட இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எப்ப தெரிஞ்சுச்சு ஒனக்கு?"

"நாலஞ்சு நாளாச்சு."

"நாலஞ்சு நாளா தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "எனக்காக நேந்தியே, அதெல்லாம் சரி. ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டு எனக்கு என்ன கந்தூரி? போ. போயி சொல்லு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராஜம்மா பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காத்தூன் பீவி சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போனாள். தகரம் வைத்த பிறகு அதுதான் வழி.

"வாங்கக்கா. என்ன மொகம் வீங்கிருக்கு?"

"ராஜம்மா, ஒம் மருமக ஊத்தல. நான் அநியாயம் பண்ணிட்டேன். அது என் சேவலு. சேவலு மிதிச்சு மிதிச்சு முதுகு அப்படி ஆயிருச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

ராஜம்மாவின் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. "தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு கோழிய தூக்கிட்டு வந்தீங்கல்ல, அப்பவே தெரியும். தோட்டத்துல எங்கம்மா வளக்காத கோழியா? சுடுதண்ணி பட்டா கொப்புளம் வரும். எறகு ஒடியாது. பொடனி எறகு போயிருந்துச்சு பாருங்க, சேவல் கவ்வுற எடம்."

"தெரிஞ்சுமா அந்தப் புள்ளைய மன்னிப்புக் கேக்க வெச்ச?"

"ஒங்க மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா சொல்றது? ஊருக்கெல்லாம் பேசி அனுப்பிட்டீங்க. நேந்து விட்ட சேவல் வேற. ஒங்க மகன் என்ன சொல்லுவான்?" ராஜம்மா கீரைக் காம்பை ஒடித்து எறிந்தாள். "அதுவும் இல்லாம..."

"அதுவும் இல்லாம?"

"வந்த நாள்ல இருந்து ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றா. ஒருதடவ தல குனியட்டுமேன்னு நெனச்சேன். இப்படி ஊரு பேரு வெக்கும்னு நெனைக்கல. யுகேன் இவ்வளவு தூரத்துக்குப் போவான்னும் நெனைக்கல." குரல் அதோடு இறங்கிவிட்டது. கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கீரைச் சாறு படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். குசினி வாசலில் அரவம் கேட்டது. கார்த்திகா நின்றுகொண்டிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று கேட்கத் தேவையில்லை, முகத்திலேயே தெரிந்தது. மாமியாரை அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். ராஜம்மா தலையைத் தூக்கவில்லை.

"அம்மாடி, என்னைய மன்னிச்சிரும்மா" என்று காத்தூன் பீவி எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

கார்த்திகா கையை உருவிக்கொண்டாள். கோபமாக உருவவில்லை, மெதுவாகத்தான். "எங்கிட்ட தனியா கேட்டு என்ன ஆன்டி ஆகப்போவுது? நான் மன்னிப்பு கேட்டத எல்லாருக்கும் சொன்னீங்கல்ல. இதையும் அங்கயே சொல்லிருங்க."

"சொல்றேம்மா. தப்பா நெனச்சிட்டேன்னு சொல்லிர்றேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. பெரிய மனசு பண்ணி என்னைய காப்பாத்துறீங்கன்னு நெனைப்பாங்க. சேவல்னு சொல்லுங்க. என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க. நான் ஊத்தலன்னு என் பேரு சொல்லிச் சொல்லுங்க."

காத்தூன் பீவி வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். பிஸ்மி சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினாள், அழித்தாள். மறுபடி பேசினாள், சேவல் என்ற சொல் வரும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, அழித்தாள். கடைசியில் கதவைத் திறந்து வெளியே வந்து, கனியும் கடையிலிருந்து வந்த முஸ்அப்பும் உட்கார்ந்திருக்கும் முன்வாசலில், அவர்கள் முன்னாலேயே நின்று பேசினாள். இங்கே சொல்ல முடிந்தால் எங்கேயும் சொல்லலாம் என்று தோன்றியது.

"நான் காத்தூன் பீவி பேசுறேன். ராஜம்மா மருமக கார்த்திகா என் கோழிக்கு சுடுதண்ணி ஊத்தல. ஒருநாளும் ஊத்தல. என் வீட்டுல மூணு சேவலு இருக்கு, நாலு பெட்டதான் இருக்கு. சேவலுங்க மூணும் மாத்தி மாத்தி ஏறி மிதிச்சு எறகு ஒடிஞ்சு, நகம் கிழிச்சு அப்படி ஆயிருச்சு. நான் வெவரம் இல்லாம அந்தப் புள்ள மேல பழி போட்டேன். செய்யாத தப்புக்கு அது எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு. நான் அத வாங்கிக்கிட்டேன். இனிமே யாரும் அந்தப் புள்ளைய அந்தப் பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. கூப்புடணும்னா என்னைய கூப்புடுங்க."

முஸ்அப் எழுந்து பின்வாசலுக்குப் போய் ரெபானை நடுவில் கம்பிவலை வைத்துத் தடுக்க அளவெடுத்தான். அம்மாவுடைய நேர்ச்சையைப் பற்றி அன்றைக்கு அவன் பேசாமல் இருந்தது, பேசியதைவிட அவளுக்கு வலித்தது.

குரூப்பில் முதலில் ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். அப்புறம் வரிசையாகச் சிரிப்பு. சேவலுக்கு நாலு கல்யாணம் போதாது போலிருக்கு என்று ஒருத்தர் எழுதினார். கோழி பாவம் என்று சிலர். அந்தப் பெண் பாவம் என்று யாரும் போடவில்லை. காத்தூன் பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒருத்தராவது போடுவார்கள் என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யுகேந்திரன் கார்த்திகாவைக் கூட்டிக்கொண்டு போய் பாஸைப் புதுப்பித்து வந்தான். ராஜம்மாவே அவனை எழுப்பி அனுப்பினாளாம். தகரத்தை எடுத்துவிடலாமா என்று கனி கேட்டதற்கு ராஜம்மா, "எடுங்கண்ணே" என்றாள். பெட்டைகள் தனியாகவும் சேவல்கள் தனியாகவும் மேய்ந்தன. செவலையின் முதுகில் முள் முள்ளாகப் புது இறகு முளைக்கத் தொடங்கியது. எல்லாம் நேராகிவிட்டது என்று காத்தூன் பீவிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஒருநாள் காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கார்த்திகா அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு லொங்காங்குக்கு வந்தாள். செவலை அவள் காலடியில் கிளறிக்கொண்டிருந்தது. காத்தூன் பீவி பார்ப்பதைக் கண்டதும் கார்த்திகா நின்றாள். வாளியைக் கீழே வைத்து, தண்ணீருக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அந்த ஈரக் கையை வெளியே எடுத்து, இந்தப் பக்கம் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். அதற்கப்புறம்தான் கோழிக்குப் படாமல் தள்ளிப் போய் ஊற்றினாள்.

"அப்படியெல்லாம் செய்யாதம்மா" என்று சொல்லக் காத்தூன் பீவி வாயெடுத்தாள். அதற்குள் கார்த்திகா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான் கையை விட்டுக் காட்டினாள், அதற்கு மறுநாளும்.